அறுபது இடத்தில் செத்த கொசு

துப்பறியும் நயினாரின் ஆபீஸ் மேசைக்கு நான்கு கால்கள் உண்டு. நான்கும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டதுதான் கிடையாது. தென்காசி தெற்கு ரத வீதியில், காபி கிளப்புக்கு மேலே இருந்த அந்த மாடி அறையில், முப்பத்தெட்டாம் வருஷத்து ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, சாரல் காற்றில் மேசை ஆடிக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்த மைக்கூடும் ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்த பலவேசத்தின் தலையும் சேர்ந்து ஆடியது.

பலவேசம் நயினாரின் உதவியாள். நாற்பது வயது. பதினெட்டு வருஷம் நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் கட்டிவிட்டு, மீசை வைக்க ஆசைப்பட்டு அந்த வேலையை விட்டவன். மீசை வந்துவிட்டது. ஆனால் மேடையில் பேசிப் பழகிய வாய் மட்டும் ஓய்வு பெற மாட்டேன் என்றது.

"அண்ணாச்சி, இந்த மேசையைப் பிடிச்சுக்கிடவே ஒரு ஆளு வேணும். சம்பளம் குடுத்து வைங்க, இல்லன்னா ஒரு காலை வெட்டுங்க."

"எந்தக் காலைலே? ஒன் காலையா?" என்றார் நயினார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பலவேசம் மேசை மேல் கிடந்த தாள்களில் தடிமனாக இருந்த ஒன்றை உருவினான். அதில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. படாரென்று அடித்தான். கொசு சாகவும் இல்லை, பறக்கவும் இல்லை. "சோம்பேறிக் கழுதை!" என்று திட்டி, தாளைக் கொசுவோடு சேர்த்து எட்டாக மடித்து, மேசைக் காலுக்கு அடியில் சொருகினான். மேசை நின்றது. வாசகர்கள் அந்தக் கொசுவை மறந்துவிடலாம். பலவேசமும் அந்த நிமிஷமே மறந்துவிட்டான்.

மாடிப்படி தடதடத்தது. மூச்சிரைக்க வந்து நின்றாள் ஒரு பெண். இருபது வயதிருக்கும். கையில் மருதாணி, இடுப்பில் தூரிகை சொருகிய ஒரு பெயின்ட் டப்பா, கண்ணில் நெருப்பு.

"அண்ணாச்சி, நான் குத்தாலத்துல எண்ணெய் தேய்க்கிற குத்தாலிங்கத்துக்க மக, இராமலட்சுமி. நாளைக்குக் காலையில இலஞ்சி கோயில்ல எனக்குக் கல்யாணம். ஒங்களுக்கும் பத்திரிகை வந்திருக்குமே?"

"வந்துது, வந்துது" என்றான் பலவேசம். நேற்று பத்து மணிக்குக் குத்தாலிங்கம் வெற்றிலை பாக்கோடு வந்து, குங்குமம் தடவிய பத்திரிகையை நேரிலே கொடுத்துவிட்டுப் போனது நினைவிருந்தது. அதை எங்கே வைத்தான் என்பதுதான் நினைவில்லை. ஆகவே உத்தரத்தைப் பார்த்தான்.

"மாப்பிள்ளை லாக்கப்புல இருக்காரு!" என்றாள் அவள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளை பெயர் வேல்சாமி. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை கடைப்பலகை எழுதுகிறவன். அவன் எழுத்தைத் தெரியாதவர் அந்தப் பக்கம் கிடையாது. மற்ற ஆர்ட்டிஸ்டுகள் பென்சில் கோடு போட்டு, மூச்சைப் பிடித்து எழுதுவார்கள். இவன் அணில் வால் தூரிகையைத் தோய்த்தான் என்றால் சும்மா ஒரு வீச்சு, ஒரு சுழி, அவ்வளவுதான். எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிற ஆட்களைப் போல நடந்து போகும். பார்த்தவுடனே, இந்த எழுத்து நம்மிடம் பொய் சொல்லாது என்று தோன்றும்.

அப்படித் தோன்றியதுதான் வினையாகப் போயிற்று.

நேற்று, வெள்ளிக்கிழமை விடிந்தபோது, குற்றாலம் பெரிய அருவியைச் சுற்றியிருந்த பாறைகளிலும் மண்டபத் தூண்களிலும் இருபது நோட்டீஸ்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் வேல்சாமி எழுத்து.

'அறிவிப்பு. இன்று அருவிக்கு விடுமுறை. நாளை முதல் வழக்கம்போல் கொட்டும்.'

அருவி என்னவோ அது பாட்டுக்கு ஹோவென்று விழுந்துகொண்டுதான் இருந்தது. சீசன் கூட்டம் அறுநூறு பேர் துண்டும் சீயக்காயுமாக எதிரே நின்று, விழுகிற தண்ணீரைப் பார்த்தார்கள், நோட்டீசைப் பார்த்தார்கள், "லீவாம்வே" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்கள். மூட ஜனங்கள் என்று சிரிக்காதீர்கள். அதே பாறையில் 'இங்கே வழுக்கும்' என்று எழுதி வைத்தவனும் வேல்சாமிதான். போன வருஷம் அதை நம்பாமல் கால் வைத்த மதுரை வக்கீல் ஒருவர் இன்றுவரை ஊன்றுகோலோடு கோர்ட்டுக்குப் போகிறார். அதன் பிறகு அந்த எழுத்தோடு யாரும் தர்க்கம் பண்ணுவதில்லை. நேற்று முழுக்க அருவியில் குளித்தவை குரங்குகள்தான்.

"எண்ணெய் தேய்க்கிறவங்க நாப்பது பேருக்கும் ஒரு நா பிழைப்பு போச்சு" என்றாள் இராமலட்சுமி. "எங்கய்யாதான் அவங்களுக்குத் தலைவரு. 'ஒன் மருமவன் இப்படிப் பண்ணிட்டானே'ன்னு எல்லாரும் சுத்தி நிக்காங்க. அவரு என்ன சொல்லுதாரு தெரியுமா? நாளைக்குள்ள வேல்சாமி குத்தமில்லன்னு தெரியலன்னா, கடையத்து அத்தை மகனை மணவறையில உக்கார வச்சிருவாராம்! இதை விட்டா ஆவணி வரைக்கும் முகூர்த்தமும் கெடையாது."

"அத்தை மகன் எப்படி?" என்றான் பலவேசம்.

"நல்லவருதான். தூங்கும்போது."

நயினார் எழுந்தார். ஐம்பது வயது, பானை வயிறு. இருபத்திரண்டு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவர். காணாமல் போன குடை என்னுடையது என்று வருகிறவன் பொய் சொல்கிறானா என்பதை, அவன் குடையைப் பிடிக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர்.

"வேல்சாமி என்ன சொல்லுதான்?"

அவள் முகம் சுருங்கியது. "அதான் அண்ணாச்சி கொடுமை. 'என் எழுத்துதான்'னு ஒத்துக்கிட்டாரு."

*

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பரமசிவன் ஒரு தடித்த சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே தும்மினார். பக்கம் மாறிவிட்டது. மறுபடி தேடினார். மறுபடி தும்மினார்.

"எந்த செக்ஷன்ல போடுததுன்னே தெரியலவே" என்றார் நயினாரிடம். "திருட்டுன்னா பொருளை எடுத்துட்டுப் போயிருக்கணும். அருவி அங்கனயே இருக்கு. ஆள்மாறாட்டம்னா யாரு மாதிரி நடிச்சான்? அருவி மாதிரியா?"

"ஒரு செக்ஷனும் இல்லன்னா விட்டுரலாமே ஐயா?" என்றான் பலவேசம்.

"செக்ஷன் இல்லன்னா குத்தம் இல்லன்னு ஆயிருமா? புஸ்தகம்தான் சின்னதா இருக்கு." மூன்றாவது தும்மல். ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த ஈரத் துண்டை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கம்பிக்குள்ளே வேல்சாமி சம்மணம் போட்டிருந்தான். ஒல்லியான ஆள். அவன் முகத்தில் பயத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"ஏல, நீயா எழுதின?" என்றார் நயினார்.

"எழுத்து என்னுதுதான் அண்ணாச்சி. அந்த 'கு'வுக்கு வால் இழுக்கது பாருங்க, அது என் கைதான். வேற எவனுக்கும் வராது. என் எழுத்தை நானே இல்லன்னு சொல்ல முடியுமா? பெத்த பிள்ளையை இல்லன்னு சொல்லுத மாதிரில்லா ஆயிரும்? ஆனா எழுதின நெனப்பு இல்ல. தூக்கத்துல எழுதிட்டேனோ என்னமோ."

"இருபது நோட்டீசையா? எங்க நாடகத்துல ஒருத்தன் தூக்கத்துல பாடுவான். அதுவே ரெண்டு வரிக்கு மேல வராது" என்றான் பலவேசம்.

நயினார் மேசையில் கிடந்த நோட்டீஸ்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு மொத்தக் கட்டையும் சீட்டுப் பிரிப்பது போலத் தரையில் பரப்பினார். பரப்பிவிட்டுத் தானும் அங்கேயே குனிந்து உட்கார்ந்தார். குனிந்தவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. வயிறு சிக்கிக்கொண்டதோ என்று பலவேசத்துக்குக் கவலையாகிவிட்டது.

"ஏலே, 'வி' எழுத்தைப் பாரு. மேல சுழி முடியுத எடத்துல என்ன இருக்கு?"

பலவேசம் பார்த்தான். "கொசு. பெயின்ட்ல விழுந்து செத்திருக்கு. பாவம்."

"அடுத்த 'வி'யில?"

"அதுலயும்... கொசு."

"ஒவ்வொரு நோட்டீசுலயும் மூணு 'வி' வருது. இருபது நோட்டீசு. அறுபது 'வி'. அறுபதுலயும் அதே எடத்துல, அதே மாதிரி, வலது காலைக் கொஞ்சம் மடக்கிக்கிட்டு ஒரு கொசு. ஏன் ஐயா, ஒரு கொசு அறுபது எடத்துல எப்படிச் சாகும்?"

சப்-இன்ஸ்பெக்டர் தும்ம வந்ததை நிறுத்திக்கொண்டார்.

"கையால எழுதுதவன் ஒரே எழுத்தை ரெண்டு தடவை ஒரே மாதிரி எழுத மாட்டான். இது தூரிகையில எழுதினது இல்ல. தூரிகை எழுத்தைப் பாத்து அச்சு வெட்டி, மை தடவி அடிச்சது. வேல்சாமி, எப்பவாச்சும் நீ எழுதும்போது கொசு வந்து ஒட்டிச்சா?"

வேல்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்தான். "சித்திரையில! பீர் மைதீன் பாய் கேட்டாருன்னு அச்சாபீஸ்ல உக்காந்து, பெரிய தாள்ல எல்லா எழுத்தையும் ஒவ்வொண்ணா எழுதிக் குடுத்தேன். 'வி' எழுதி முடிச்ச ஈரத்துல ஒரு கொசு ஒட்டிக்கிச்சு. எடுத்தா எழுத்து கலைஞ்சிருமேன்னு விட்டுட்டேன். அப்ப... நான் எழுதலையா? அப்பாடா!"

தான் எழுதவில்லை என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டான். இராமலட்சுமியும் கம்பிக்கு இந்தப்புறம் நின்று சேர்ந்து அழுதாள். பலவேசத்தின் கை, கண்ணைத் துடைக்க இல்லாத முந்தானையைத் தேடியது. பழைய ராணி அல்லவா.

சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் மசியவில்லை. "கொசுவைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாதுவே. ஒட்டினவனைக் கொண்டா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இவனைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வாரேன், எந்தெந்தப் பாறையில ஒட்டினான்னு குறிக்கணும். அதுக்குள்ள ஆளு கெடைக்கலன்னா திங்கக்கிழமை மாஜிஸ்திரேட்டு முன்னால நிப்பாட்டிருவேன்."

திங்கட்கிழமைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்பதுதான் இராமலட்சுமியின் கவலை.

*

பீர் மைதீன் அச்சாபீஸ் அடுத்த தெருவில். பாய் மறைக்கவில்லை. மறைப்பதாவது! பெருமை தாங்காமல் மரப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாரும்வே நயினார்! வேல்சாமிக்க எழுத்தை அச்சுல கொண்டாரணும்னு எனக்கு மூணு வருசத்து ஆசை. அம்பாசமுத்திரத்துல மரச்சொப்பு கடையுத சொரிமுத்துட்ட தாளைக் குடுத்து, 'உள்ளதை உள்ளபடி வெட்டு, ஒரு புள்ளி கூடவும் கூடாது, ஒரு புள்ளி கொறையவும் கூடாது'ன்னேன். ஒரு எழுத்துக்கு நாலு கட்டை. மஞ்சக்கடம்பு மரம்."

'வி' கட்டையை எடுத்துக் காட்டினார். விரல் உயரம். சுழியின் நுனியில் கொசு, சிறகோடு.

"கொசுவையுமா வெட்டினான்?" என்றான் பலவேசம்.

"உள்ளதை உள்ளபடின்னு சொன்னேன்லா? நாலு கட்டையிலயும் வெட்டிட்டான். ஆறு காலும் இருக்கு, எண்ணிக்கிடும். என்ன கோவப்படச் சொல்லுதீரு? நம்ம ஊருல சொன்ன சொல்லைக் கேக்குதவன் அவன் ஒருத்தன்தான்."

"சரி பாய், அருவிக்கு லீவு விடச் சொன்னது யாரு?" என்றார் நயினார்.

பாயின் முகம் கதவைச் சாத்தியது போல ஆகிவிட்டது. "அதை மட்டும் கேக்காதியும். எங்க வாப்பா காலத்துலேருந்து அடிக்கச் சொன்ன ஆளு பேரை வெளிய சொன்னதில்ல. எலெக்ஷன்ல இவனைத் திட்டி அவனும், அவனைத் திட்டி இவனும் எங்ககிட்டதான் நோட்டீசு அடிக்காங்க. ஒருத்தன் பேரைச் சொல்லிட்டேன்னா கடையைச் சாத்திட்டுப் போவ வேண்டியதுதான்."

"ஒரு கல்யாணம் நின்னுரும் பாய்."

பாய்க்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பெட்டியைத் துடைத்தார். கட்டையைத் துடைத்தார். துடைக்க வேறொன்றும் இல்லாமல் மூக்குக் கண்ணாடியையும் துடைத்தார். "பேரு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. இந்த எழுத்துல இதுவரைக்கும் ஓடினது ரெண்டே வேலை. ரெண்டும் புதன்கிழமை ஓடிச்சு. ஒண்ணு அந்த நோட்டீசு. இன்னொண்ணு நேத்து ஒமக்கே வந்திருக்கும்."

"நேத்து என் கைக்கு ஒண்ணும் வரலியே?" என்றார் நயினார்.

பலவேசம் மெல்லக் கதவுப் பக்கம் திரும்பினான். படாரென்று அடித்தது, சாகாதது, பறக்காதது, எட்டாக மடித்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பதினெட்டு வருஷ மேடை வாழ்க்கையில் அவனுக்கு வசனம் மறந்துபோனது அன்று ஒருநாள்தான். வாயைத் திறக்காமல் ஓடினான்.

ஆபீசில் அவன் மேசையைத் தூக்கிய வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்து நயினாரின் கணக்கில்லாத வெற்றிகளைப் பற்றிய குறிப்பேடு முழுவதும் நீலமாகிவிட்டது. பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த நயினாரிடம், கசங்கிய தாளை இரண்டு கையாலும் நீட்டினான். தலைப்பில், நடந்து போகிற எழுத்தில், 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை'. முதல் எழுத்தின் சுழியில் அறுபத்தொன்றாவது கொசு.

"ஏலே, இதை எங்கன வச்சிருந்த?"

"பத்திரமான எடத்துல அண்ணாச்சி. மேசையே அது மேலதான் நின்னுது."

நயினார் அவனைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பத்திரிகையின் கீழே 'தங்கள் நல்வரவை நாடும் குத்தாலிங்கம்' என்றிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

குற்றாலத்துக்குப் போன குதிரை வண்டிக்காரர் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். "நேத்து ஒடம்பெல்லாம் நொந்து போச்சு அண்ணாச்சி. குத்தாலிங்கம் அண்ணாச்சியை ஏத்திக்கிட்டு விடிஞ்சதுலேருந்து கடையம், ஆய்க்குடி, தென்காசி, வீடு வீடாப் பத்திரிகை. வியாழக்கிழமை சாயங்காலமே வண்டி சொல்லிட்டாரு, வேற சவாரி எடுக்கவும் வழியில்ல."

நயினார் கண்ணை மூடிக்கொண்டு, "எப்பம் சொன்னாரு?" என்றார்.

"வியாழன் சாயங்காலம்."

"குதிரைக்குப் புல்லு வாங்கிப் போடும்" என்று வண்டிக்காரர் தோளைத் தட்டிக்கொடுத்தார் நயினார்.

அருவிக்கு எதிரே நாற்பது கற்கள் வரிசையாகக் கிடந்தன. கல்லுக்கு ஒரு ஆள். முதல் கல் குத்தாலிங்கத்துடையது. அங்கே விழுகிற சாரலும் வேறு, வருகிற ஆட்களும் வேறு. பதினாறு வயதில் நாற்பதாவது கல்லில் உட்கார்ந்தவர், முதல் கல்லுக்கு வந்து சேர இருபத்தாறு வருஷம் ஆயிற்று.

நயினார் சட்டையையும் வேட்டியையும் அவிழ்த்துப் பலவேசத்திடம் கொடுத்துவிட்டு, கோவணத்தோடு முதல் கல்லில் குப்புறப் படுத்தார். குத்தாலிங்கம் எண்ணெயை ஊற்றினார். அறுபது வயதை எட்டுகிற மனிதர், கை மட்டும் இரும்பு.

"நல்லா அமுக்கும் அண்ணாச்சி. நேத்து எங்க ஆபீசுக்கு வந்திருந்தீராமே, என்ன நேரம்?"

"பத்து மணி இருக்கும்."

"சீசன்ல பத்து மணிக்கு இந்தக் கல்லை விட்டு எறங்கிருக்கீரா?"

முதுகில் ஒரு அழுத்து. "அருவிதான் லீவாச்சே."

"நோட்டீசு வெள்ளிக்கிழமை விடிஞ்சுதான் ஊருக்குத் தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை நீரு சும்மா இருப்பீருன்னு வியாழக்கிழமை சாயங்காலமே வண்டிக்காரருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இரண்டு கட்டைவிரலும் நயினாரின் பிடரியில் இறங்கின. நயினாரின் நாக்கு வெளியே வந்து உள்ளே போயிற்று. பலவேசம் குடையைத் தடி மாதிரிப் பிடித்துக்கொண்டான். துப்பறிகிறவர்கள் எதிரியைத் துப்பாக்கி முனையில் விசாரிப்பார்கள் என்றுதான் அவன் கேள்விப்பட்டிருந்தான். எதிரியின் கையில் கழுத்தைக் கொடுத்துவிட்டு விசாரிக்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

"ஒம்ம மக பத்திரிகையில ஒரு கொசு இருக்கு அண்ணாச்சி" என்றார் நயினார், கல்லில் அழுந்திய வாயால். "அதே கொசு அந்த நோட்டீசுலயும் இருக்கு."

கைகள் நின்றுவிட்டன.

பிறகு குத்தாலிங்கம் கல்லின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் என்ன செய்ய? ஒரு நா கல்லை விட்டுப் போனவன், மறுநா நாப்பதாவது கல்லுலதான் உக்காரணும். எல்லாரும் ஒரு கல்லு மேல ஏறிருவாங்க. அதுதான் எங்க வழக்கம், நானே எத்தனையோ பேரை அப்படி எறக்கிருக்கேன். சொந்தப் பிள்ளை கல்யாணத்தன்னைக்கு ஒரு நா மட்டுந்தான் விலக்கு. பத்திரிகையோ நேருல போயி வைக்கணும். மூத்தவ கல்யாணத்துக்கு நேரமில்லன்னு கடையத்துல எங்கக்கா பார்வதியம்மாளுக்குத் தபால்ல அனுப்பினேன். ஒம்பது வருசம் என் மூஞ்சில முழிக்கலவே அவ! நான் மட்டும் லீவு போட்டா கல்லு போயிரும். அருவியே லீவு போட்டா? எல்லாரும் வீட்டுல இருப்பாங்க, எவனும் என் கல்லுல ஏற மாட்டான். வேல்சாமி எழுத்துல அடிச்சா ஜனங்க நம்பும்னு பட்டுது, அவ்வளவுதான். போலீசு அவனைப் பிடிக்கும்னு சத்தியமா நெனைக்கல. பிடிச்சப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரல. பயத்துல நான்தான் எல்லாரையும் விடச் சத்தமா அவனை வஞ்சேன்."

"அக்கா பேசிட்டாளா?" என்றான் பலவேசம். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல, ஆனால் அவனுக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

"கட்டிப் பிடிச்சு அழுதா. நேத்து ராத்திரியே வந்துட்டா." குத்தாலிங்கம் எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்னால் நின்றிருந்த இராமலட்சுமியை அப்போதுதான் மூவரும் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எய்யா, ஒரு கல்லைக் காப்பாத்த என்னையத் தூக்கி நாப்பதாவது கல்லுல போட்டுட்டீங்களே."

குத்தாலிங்கம் எழுந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல் மண்டபத்துப் படியில் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கி, "கேட்டுக்கிடுங்க! லீவு விட்டது நான்தான்!" என்று கத்தினார்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. தொண்ணூறு வருஷம் தேக்கி வைத்த வெள்ளம் மாதிரி விழுந்துகொண்டிருந்தது அருவி. மறுபடி கத்தினார். வரிசையிலிருந்த மாடன், இரண்டாவது கல்காரர், 'எண்ணெய் இங்க இருக்கு' என்று கையைக் காட்டினார். வாழ்நாளில் ஒரு தடவை உண்மையைச் சொல்லத் துணிந்த மனிதனை அருவி பேசவிடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சப்-இன்ஸ்பெக்டர் வேல்சாமியின் இடுப்பில் கயிறு கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். குத்தாலிங்கம் நேரே போய் மருமகன் முன்னால் நின்றார். அவனுடைய பெயின்ட் டப்பாவை மகளின் இடுப்பிலிருந்து வாங்கி நீட்டினார்.

"எழுதுங்க மாப்பிள்ளை. நான் சொல்லுததை எழுதுங்க. ஒங்க எழுத்தைத்தான் இவனுக நம்புவானுக."

வேல்சாமி தூரிகையைத் தோய்த்தான். 'இங்கே வழுக்கும்' என்றிருந்த அதே பாறையில், ஆளுயரத்துக்கு, ஒரே மூச்சில் எழுதினான்.

'விடுமுறை விட்டது நான். வேல்சாமி அல்ல. இப்படிக்கு, குத்தாலிங்கம்.'

நாற்பது கல்லும் நிமிர்ந்து பார்த்தன. எண்ணெயில் வழுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் எழுந்து உட்கார்ந்து படித்தார்கள்.

"ஐயா, ரெண்டு 'வி'யையும் பாருங்க" என்றார் நயினார், கோவணத்தோடு விறைப்பாக நின்று. "அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, ஒரே ஆளு மாதிரி இல்ல. இதான் கையெழுத்து."

சப்-இன்ஸ்பெக்டர் பாறையை ஒட்டி நின்று பார்த்தார். "சரிவே. அப்பம் குத்தாலிங்கத்தை எந்த செக்ஷன்ல..." என்று ஆரம்பித்துத் தும்மினார்.

நயினார் அவர் காதருகே போனார். "நேத்து லீவுன்னு ஊரே ஒதுங்கி நின்னுது. ஆனா ஸ்டேஷன்ல ஈரத் துண்டு காயுது, நீங்க விடாம தும்முதீங்க. யாரும் இல்லாத அருவியில எவ்வளவு நேரம் ஐயா குளிச்சீங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ரெண்டு மணி நேரம்" என்றார் மெல்ல. "பதினோரு வருசமா இங்கன கூட்டத்தை வெரட்டுதேன். ஒருநா கூட நின்னு நனைஞ்சதில்லவே." வேல்சாமியின் இடுப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்துவிட்டார்.

ஆனால் வழக்கம் வழக்கம்தான். மாடன் தன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முதல் கல்லுக்கு வந்தார். மூன்றாவது இரண்டாவதுக்கு வந்தது. கடைசியில் காலியான நாற்பதாவது கல்லில், சாரல்கூட எட்டாத இடத்தில், குத்தாலிங்கம் போய் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை. கொசுவைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை இலஞ்சி கோயிலில் நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தது. கடையத்து அக்கா முன்வரிசையில், அத்தை மகன் அவள் தோளில் சாய்ந்து தூக்கத்தில். எல்லாம் இருந்தும் குத்தாலிங்கத்தின் கண் வாசலிலேயே இருந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமை. கல்லை விட்டு எவன் வருவான்? நாற்பது வருஷம் கூட இருந்த ஆட்களில் ஒருவர்கூட இல்லாமல் மகளுக்குத் தாலி ஏறப்போகிறது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவரும் எவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனதில்லை.

மாப்பிள்ளையையும் காணோம். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கையில்தான் ஓடி வந்தான், தலையில் சாரல் ஈரத்தோடு. அவன் பின்னாலேயே மாடன். மாடனுக்குப் பின்னால் முப்பத்தெட்டு பேர், குளித்து, திருநீறு பூசி, எல்லார் உடம்பும் எண்ணெயில் பளபளவென்று.

"ஏ மாடா! கல்லை விட்டுட்டா வந்தீங்க? எவனாச்சும்..." குத்தாலிங்கம் வாசலுக்கே ஓடினார்.

"ஒருத்தன் வந்தாத்தான அண்ணாச்சி கல்லு போவும்? எல்லாரும் வந்துட்டா எவன் கல்லுல எவன் ஏறுவான்? இது நீரு கண்டுபிடிச்ச வழிதான்" என்றார் மாடன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் தூங்கினேன் பாரும், எங்கம்மா சத்தியமா, பத்து வருசத்துக்கப்புறம் பகல்ல தூங்கினேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டு ஒம்ம மருமவனை வஞ்சேன். கேட்டா இவனுகளும் அதத்தான் சொல்லுதானுக. இன்னொண்ணு, அந்த முதல் கல்லு எனக்கு வேண்டாம். நேத்து சாயங்காலம் பூரா வந்தவன் எல்லாம், 'குத்தாலிங்கம் எங்கன, குத்தாலிங்கம் எங்கன'ன்னு கேட்டு என் உயிரை வாங்கிட்டான். நாளைக்கு வந்து ஒம்ம எடத்துல உக்காரும்."

குத்தாலிங்கம் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

"அப்பம் அருவி?" என்றார் நயினார். "ஞாயித்துக்கிழமைக் கூட்டம் விடுமா?"

மாடன் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் கல்யாணத்துக்கு வரவில்லை. ஆளில்லாத அருவிக்குக் காவல் வேண்டும் என்று சொல்லி, துண்டோடு அங்கேயே நின்றுவிட்டாராம்.

கெட்டிமேளம் கொட்டியது. வேல்சாமி தாலியை முடிந்தான். மூன்று முடிச்சு போட்டுக் கையை எடுத்தபோது, மஞ்சள் கயிற்றில் காயாத கறுப்புப் பெயின்ட் ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டியிருந்தது. இராமலட்சுமி அதைக் குனிந்து பார்த்தாள். துடைக்கவில்லை.

நயினார் அட்சதையைப் போட்டுவிட்டுப் பலவேசத்தின் பக்கம் சாய்ந்தார். "ஏலே, வரும்போது அருவிப் பக்கம் போயி இன்னைக்கு ஒட்டின புது நோட்டீசைப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி. அறுபது 'வி'யும் ஒவ்வொண்ணாப் பாத்தேன்" என்றான் பலவேசம். "கொசு இல்ல. மாப்பிள்ளை கைதான்."